ஸ்வீடனா, டென்மார்க்கா, நார்வேயா? ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்குப் போகிறவர்களுக்கு

ஸ்காண்டிநேவியாவில் ஒரு செமஸ்டர் படிக்க வாய்ப்பு வந்ததும் மாணவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது வட ஒளியையும் பனிமலைகளையும்தான். அது இயல்பு. ஆனால் எங்கள் கல்லூரியில் பரிமாற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலையில் இருப்பதால் எனக்கு வேறு இரண்டு கேள்விகள்தான் முதலில் வரும். அங்கே பாடமும் தேர்வும் எப்படி நடக்கின்றன? தங்க இடம் கிடைக்குமா? அந்த ஐந்து மாதம் நன்றாகப் போகுமா என்பதையும், திரும்பி வந்த பிறகு கிரெடிட் கணக்கில் சிக்கல் வருமா என்பதையும் தீர்மானிப்பவை இந்த இரண்டுதான். நாட்டின் பெயர் அதற்கு அப்புறம்.

கட்டணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பட்டப்படிப்புக்கு வருகிறவர்களிடம் டென்மார்க் 2006 முதலும், ஸ்வீடன் 2011 முதலும், நார்வே 2023 முதலும் கல்விக் கட்டணம் வாங்குகின்றன. உங்கள் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்து, கல்லூரியே உங்கள் பெயரைப் பரிந்துரைத்து அனுப்பினால் அந்தக் கட்டணம் கிடையாது. இங்கே கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு அங்கே போய்ப் படிக்கலாம். ஒப்பந்தம் இல்லாமல் நீங்களாக விண்ணப்பித்துப் போவது வேறு வழி. அதற்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டும். ஏஜென்ட் யாராவது அதையே பரிமாற்றம் என்ற பெயரில் விற்றால், உங்கள் கல்லூரியின் ஒப்பந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பாடமும் தேர்வும்

மூன்று நாடுகளிலும் ஒரு செமஸ்டருக்கு 30 ஈ.சி.டி.எஸ். கிரெடிட், அதாவது ஐரோப்பிய நாடுகளின் பொதுக் கிரெடிட் கணக்கில். ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒற்றுமை ஏறக்குறைய இத்தோடு முடிந்துவிடுகிறது.

ஸ்வீடனின் பழைய பல்கலைக்கழகங்களான உப்சாலாவிலும் (1477) லுண்டிலும் (1666) பல துறைகளில் ஒரு நேரத்தில் ஒரே பாடம்தான். ஐந்து வாரம் ஒரு பாடம், தேர்வு, முடிந்தது. அடுத்த பாடம் தொடங்கும். ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோத்தன்பர்கின் சால்மர்ஸ், லின்ஷோப்பிங் போன்ற இடங்களில் பொறியியல் பாடங்கள் செமஸ்டரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் இரண்டு பாடங்கள் என்று போகும். ஒரே நேரத்தில் ஆறு பேப்பரோடு மல்லுக்கட்டிப் பழகிய நம் மாணவர்களுக்கு இது பெரிய விடுதலையாகத் தெரியும். வகுப்பு நேரமும் குறைவு. அங்கேதான் கவனம் தேவை. வகுப்பு குறைவாக இருப்பதற்குக் காரணம், மீதி நேரத்தில் நீங்களாகப் படித்துவிடுவீர்கள் என்று அவர்கள் நம்புவது. ஐந்து வாரப் பாடத்தில் ஒரு வாரத்தைத் தவறவிட்டால் பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஒன்றை ஆழமாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு ஸ்வீடனைப் போலப் பொருத்தமான இடம் வேறு அமைவது கடினம். தேர்வு சரியாகப் போகவில்லை என்றால் மறுதேர்வு வைப்பார்கள். மறுதேர்வு எழுதுவதை யாரும் அரியர் போலப் பார்ப்பதில்லை.

டென்மார்க்கில் வாய்மொழித் தேர்வுக்கு இருக்கும் மதிப்பு நம் ஊரில் நினைத்துப் பார்க்க முடியாதது. நமக்கு வைவா என்றால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, இரண்டு கேள்வி, மதிப்பெண். அங்கே பல பாடங்களுக்கு அதுவேதான் முழுத் தேர்வு. உள்ளே போய் ஒரு தலைப்பைக் குலுக்கி எடுக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆசிரியரோடு வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் ஒருவரும் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். ஏறக்குறைய அரை மணி நேரம். வெளியே வந்து சில நிமிடம் காத்திருந்தால் மறுபடி கூப்பிட்டு மதிப்பெண்ணைச் சொல்லிவிடுவார்கள். மனப்பாடம் இங்கே அவ்வளவாக உதவாது. புரிந்திருந்தும் எழுத்தில் சொதப்புகிறவர்கள் இங்கே ஜொலிப்பார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் திணறுவார்கள். ஆல்போர்க் பல்கலைக்கழகம் (1974) இன்னும் ஒரு படி மேலே போய், செமஸ்டரில் பாதியைக் குழுத் திட்டத்துக்கே கொடுத்துவிடுகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் வேலை செய்து, கடைசியில் எல்லோரும் சேர்ந்து வாய்மொழித் தேர்வுக்கு உட்காருவார்கள். கோபன்ஹேகனை ஒட்டி லிங்பியில் இருக்கும் டேனிஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. 13 வாரம் பாடங்கள், அப்புறம் 3 வாரம் ஒரே ஒரு பாடம். அந்த மூன்று வாரத்தில் பெரும்பாலும் ஆய்வகம் அல்லது திட்ட வேலை. கையால் செய்து கற்க விரும்புகிறவர்களுக்கு அந்த 3 வாரத்துக்காகவே அங்கே போகலாம்.

நார்வே நம் முறைக்கு மிக நெருக்கம். பல பாடங்களில் இறுதியில் நான்கு மணி நேர எழுத்துத் தேர்வு ஒன்று. விடைத்தாளில் பெயர் இல்லை, தேர்வு எண் மட்டும். செமஸ்டர் நடுவில் கட்டாயப் பயிற்சிகள் இருக்கும். அவற்றை முடித்தால்தான் தேர்வுக்கு உட்கார விடுவார்கள். ஆனால் அவற்றின் மதிப்பெண் பெரும்பாலும் இறுதிக் கணக்கில் சேராது. இன்டர்னல் மார்க் கைகொடுக்கும் என்ற நினைப்போடு போகிறவர்களுக்கு இது அதிர்ச்சி. மற்றபடி, கடைசி மூன்று வாரம் உட்கார்ந்து படித்துத் தேர்வில் கலக்கிவிடுகிற நம் மாணவர்களுக்கு நார்வே பழகிய இடம்போல இருக்கும்.

என்னைக் கேட்டால், ஏற்கெனவே நன்றாகச் செய்கிற முறையையே தேடிப் போவதைவிட டென்மார்க்கைத்தான் பரிந்துரைப்பேன். பேசிப் புரியவைக்கும் பயிற்சி நம் கல்லூரிகளில் மிகக் குறைவு. ஒரு செமஸ்டரில் அதை இவ்வளவு தீவிரமாகக் கற்றுத்தரும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை. ஆனால் சி.ஜி.பி.ஏ. 0.2 குறைந்தாலும் நிலைமை மாறிவிடும் என்ற இடத்தில் இருக்கிறவர்களுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஸ்வீடன்.

கிரெடிட் சமன்செய்வது

இங்கே விடுபடும் பாடங்களுக்கு ஈடாக அங்கே எதைப் படிக்கப்போகிறீர்கள் என்பதைத் துறைத் தலைவரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். இதில் யாரும் அதிகம் கவனிக்காத ஒன்று, பாடத்தின் அளவு. டேனிஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாடங்கள் பெரும்பாலும் 5 கிரெடிட். ஆறு பாடம் எடுக்கலாம். ஸ்வீடனிலும் நார்வேயின் ட்ரொன்ட்ஹெய்மிலும் 7.5, நான்கு பாடம். அதே நார்வேயின் ஓஸ்லோ, பெர்கன், ட்ரொம்சோவில் பெரும்பாலும் 10, மூன்றே பாடம். இங்கே ஐந்தாறு பேப்பர் விடுபடும்போது மூன்று பெரிய பாடங்களை வைத்துக்கொண்டு எது எதற்கு ஈடு என்று காட்டுவது பெரும் தலைவலி. ஆறு சின்னப் பாடங்கள் இருந்தால் ஒன்றுக்கு ஒன்று பொருத்திவிடலாம். உங்கள் கல்லூரி பாடத்துக்குப் பாடம் ஈடு கேட்கிற கல்லூரியா, மொத்தக் கிரெடிட் இருந்தால் போதும் என்கிற கல்லூரியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் இரண்டாவது வகை ஓரளவு உண்டு.

மதிப்பெண்ணிலும் ஜாக்கிரதை. டென்மார்க்கின் அளவுகோல் 12, 10, 7, 4, 02, 00, -3 என்று ஏழு படிகள். அதில் 7 என்பது நல்ல மதிப்பெண், ஐரோப்பிய அளவில் சி. நம் அலுவலகத்தில் யாராவது அதைப் பன்னிரண்டுக்கு ஏழு என்று படித்துச் சதவீதம் போட்டால் 58 வரும். ஸ்வீடனின் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் 3, 4, 5 என்றுதான் தருவார்கள். அதில் 3 என்றால் தேர்ச்சி, ஐந்துக்கு மூன்று என்று அர்த்தமில்லை. போவதற்கு முன்பே மாற்று அட்டவணையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் போதாது, அலுவலர் மாறிவிடுவார்.

எந்த செமஸ்டரில் போவது

பொறியியல் மாணவர்களுக்கு ஏழாவது செமஸ்டரில் பிளேஸ்மென்ட் தொடங்கிவிடுகிறது. ஆகவே ஐந்தாவது அல்லது ஆறாவது செமஸ்டர்தான் சரி. இங்கே நாடுகளின் நாட்காட்டி ஒன்றுக்கொன்று வேறுபடுவது உதவியாகவும் இருக்கும், இடைஞ்சலாகவும் இருக்கும்.

ஐந்தாவது செமஸ்டரில் போனால் நார்வே மிகப் பொருத்தம். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி கிறிஸ்துமஸுக்கு முன் தேர்வுகள் முடிந்துவிடும்; ஜனவரியில் இங்கே ஆறாவது செமஸ்டர் தொடங்கும்போது வந்துவிடலாம். ஸ்வீடனின் இலையுதிர் செமஸ்டர் ஜனவரி நடுவரை போகும். டென்மார்க்கிலும் ஜனவரித் தேர்வுகள் உண்டு. இரண்டு மூன்று வார வகுப்பு இங்கே போய்விடும்; வருகைப் பதிவேட்டுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

ஆறாவது செமஸ்டர் என்றால் ஸ்வீடன் முந்திக்கொள்கிறது. ஜனவரி நடுவில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும். டென்மார்க் பிப்ரவரியில்தான் தொடங்கி ஜூன் கடைசிவரை இழுக்கும். கோடைக்கால இன்டர்ன்ஷிப்பை நம்பியிருக்கிறவர்களுக்கு அது சரிப்படாது.

வீடு

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். அறை உறுதியாகாமல் விமானம் ஏறாதீர்கள்.

மூன்று நாடுகளில் இந்த விஷயத்தில் நார்வேக்குத்தான் முதலிடம். அங்கே ஒவ்வொரு நகரிலும் மாணவர் நல அமைப்பு ஒன்று உண்டு. ஓஸ்லோவில் சியோ, ட்ரொன்ட்ஹெய்மில் சித், பெர்கனில் சாம்மன். மாணவர் குடியிருப்புகள் இவர்கள் கையில்தான். குறித்த தேதிக்குள் விண்ணப்பித்தால் பரிமாற்ற மாணவர்களுக்கு அறை உறுதி என்று ஓஸ்லோ போன்ற பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. ஓஸ்லோவின் கிரிங்ஷோ, ட்ரொன்ட்ஹெய்மின் மூஹோல்ட் எல்லாம் மாணவர் கிராமங்கள் என்றே சொல்லலாம். வாடகை மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டால் கிடைக்கும் என்ற நிம்மதிக்கு ஒரு விலை உண்டு.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் கடினம், அதுவும் ஆகஸ்ட் செப்டம்பரில். தனியாரிடம் எடுத்தால் மூன்று மாத வாடகை வரை வைப்புத் தொகையாகவும், மூன்று மாதம் வரை முன்பணமாகவும் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மாத வாடகை 5,000 டேனிஷ் குரோனே என்றால் சாவி வாங்கும்போதே 30,000 வரை கைவிட்டுப் போகலாம். அந்தப் பணத்தைப் பட்ஜெட்டில் யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள். ஆல்போர்க்கிலும் ஓடன்ஸேயிலும் நெருக்கடி இவ்வளவு இல்லை.

ஸ்வீடனில் ஊரைப் பொறுத்தது. ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க், லுண்ட் மூன்றும் அறைப் பஞ்சத்துக்குப் பேர்போனவை. வீட்டு உத்தரவாதம் பல இடங்களில் கட்டணம் செலுத்தும் மாணவர்களுக்கே முதலில். பரிமாற்ற மாணவருக்கு உண்டா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். லின்ஷோப்பிங், வடக்கே ஊமியோ, லூலியோ மாதிரி ஊர்களில் சுலபம். பெரிய நகரத்தின் மோகத்தில் இந்த ஊர்களை ஒதுக்கிவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் மாணவ வாழ்க்கை நிறைவாக இருப்பது இப்படிப்பட்ட ஊர்களில்தான்.

அறையைப் பார்க்காமலே பணம் அனுப்பச் சொல்லும் ஃபேஸ்புக் விளம்பரம் எந்த நாட்டில் வந்தாலும் தொடாதீர்கள்.

அடையாள எண், மருத்துவம், பணம்

ஸ்வீடனில் ஓராண்டுக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்கு அந்நாட்டின் தனிநபர் எண் கிடைக்காது. கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் அந்த எண் இல்லாமல் வங்கிக் கணக்கு கடினம், கணக்கு இல்லாமல் ஊரே பணம் கொடுக்கப் பயன்படுத்தும் ஸ்விஷ் செயலி இல்லை. காகிதப் பணத்தையோ பல கடைகள் வாங்குவதே இல்லை. இந்திய வங்கியின் அட்டையை நம்பித்தான் காலம் தள்ள வேண்டும். இரண்டு அட்டைகளாக எடுத்துப் போங்கள். டென்மார்க்கில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கினாலே சி.பி.ஆர். என்ற தனிநபர் எண்ணும் மஞ்சள் மருத்துவ அட்டையும் கிடைக்கும். உங்களுக்கென்று ஒரு குடும்ப மருத்துவர் ஒதுக்கப்படுவார், பார்க்கக் கட்டணம் இல்லை. நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுக்கிறவர்களுக்கு இது ஒன்றே டென்மார்க்கைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம். நார்வேயில் வந்திறங்கியதும் போலீஸில் பதிவு செய்து குடியிருப்பு அட்டை வாங்க வேண்டும். அந்த நேரத்தை ஊரிலிருந்தே முன்பதிவு செய்வது நல்லது.

குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கையிருப்பைக் காட்ட வேண்டும். ஸ்வீடனுக்கு மாதம் 10,000 ஸ்வீடிஷ் குரோனாவுக்குச் சற்று மேல். அதுவும் உங்கள் பெயரில் உள்ள கணக்கில். அப்பா கணக்கில் இருக்கிறது என்பது செல்லாது. டென்மார்க்குக்கு மாதம் 7,000 டேனிஷ் குரோனே அளவில். நார்வேக்கு ஒரு கல்வியாண்டுக்கு ஒன்றரை லட்சம் நார்வே குரோனேக்கு மேல். செமஸ்டருக்கு அதில் பாதி. நார்வேயின் தொகைதான் மூன்றிலும் கனமானது, அங்கே கடைத்தெரு விலையும் அப்படித்தான். ஓஸ்லோக்காரர்களே எல்லை தாண்டி ஸ்வீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட் பக்கம் காரில் போய் மளிகை வாங்கி வருவார்கள். இந்தத் தொகைகள் ஆண்டுதோறும் மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரிக்கு எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின் நிதி உள்ள ஒப்பந்தம் இருந்தால் மாதப்படியும் பயணச் செலவும் கிடைக்கும். அப்படி ஒன்று இருந்தால் மற்ற எல்லாக் கணக்கையும் ஒதுக்கிவிட்டு அதற்கே முயலுங்கள்.

பகுதிநேர வேலையை வைத்துச் சமாளிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். நார்வேயில் வாரம் 20 மணி நேரம், டென்மார்க்கில் மாதம் 90 மணி நேரம் என்று சட்டம் அனுமதிக்கிறது. சரி, ஆனால் உள்ளூர் மொழி தெரியாத ஒருவரை ஐந்து மாதத்துக்கு யார் வேலைக்கு வைப்பார்கள்?

மாணவ வாழ்க்கை, நம்மவர்கள், இருட்டு

லுண்டிலும் உப்சாலாவிலும் 'நேஷன்' என்று மாணவர் கூடங்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மாகாணவாரியாக உருவானவை. இப்போது யார் வேண்டுமானாலும் சேரலாம். மலிவான மதிய உணவு, ஞாயிறு காலைச் சிற்றுண்டி, நாடகம், பாட்டுக் குழு, விருந்து எல்லாம் அங்கேதான், எல்லாவற்றையும் நடத்துவது மாணவர்கள். வந்த முதல் வாரமே போய்ச் சமையலறையில் ஒரு முறை வேலை செய்யுங்கள். ஸ்வீடிஷ்காரர்கள் தாமாக வந்து பேச மாட்டார்கள். பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கினால் பேசுவார்கள். லுண்டுக்கு இன்னொரு வசதி, 2000இல் திறந்த ஓரெசுண்ட் பாலம். ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கோபன்ஹேகன்.

ட்ரொன்ட்ஹெய்மில் இதற்கு நிகரானது 1910இல் தொடங்கிய மாணவர் சங்கம். 1929இல் கட்டிய அதன் வட்டமான சிவப்புக் கட்டடத்தை மாணவத் தொண்டர்கள் நடத்துகிறார்கள். ஒற்றைப்படை ஆண்டுகளின் இலையுதிர் காலத்தில் அவர்கள் நடத்தும் 'ஊக்கா' கலைவிழா வாரக்கணக்கில் நடக்கும். டென்மார்க்கில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒவ்வொரு துறையிலும் ஒரு மாணவர் பார் திறக்கும். குடிக்காதவர்களும் போகலாம், யாரும் வற்புறுத்துவதில்லை.

தமிழ்ச் சூழல் வேண்டுமென்றால் ஓஸ்லோ. நார்வேக்கும் தமிழுக்கும் உள்ள உறவே மாணவர்களால் வந்தது. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலர் நார்வேயின் மக்கள் உயர்பள்ளிகள் என்ற, தேர்வும் பட்டமும் இல்லாத விடுதிப் பள்ளிகளில் படிக்கப் போனார்கள். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் பலர் வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்துவிட்டுப் பிறகு ஓஸ்லோவுக்கு இறங்கி வந்தார்கள். அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறையிலிருந்துதான் 2015இல் ஓஸ்லோவின் துணை மேயரான கம்சாயினி குணரத்தினம் போன்றவர்கள் வந்தார்கள். ஆகவே அங்கே கோயிலும் உண்டு, கடையில் கறிவேப்பிலையும் உண்டு. டென்மார்க்கில் ஈழத்தமிழர்கள் அதிகம் இருப்பது யுட்லாண்ட் பகுதியில். அங்கே பிராண்டே என்ற சிற்றூரில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. ஆர்ஹுஸ் போகிறவர்களுக்கு அது எட்டும் தூரம்.

இருட்டைப் பற்றிப் பெற்றோர்கள் பயப்படுவது நியாயமே. டிசம்பர் நடுவில் லுண்டிலும் கோபன்ஹேகனிலும் ஏழு மணி நேரம் பகல், ஓஸ்லோவிலும் உப்சாலாவிலும் ஆறு, ட்ரொன்ட்ஹெய்மில் நாலரை. ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் எழுவதே இல்லை. மனச்சோர்வு ஏற்கெனவே உள்ளவர்கள் இலையுதிர் செமஸ்டரில் வடக்கே போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அவர்களுக்கு ஜனவரியில் போவது நல்லது. இருட்டு குறைந்துகொண்டே வரும், மே மாதம் வரும்போது ஊரே மாறியிருக்கும்.

ஆனால் ஜனவரியில் போகிறவர்களுக்குக் கால அவகாசம் மிகக் குறைவு. ஆகஸ்டில் போவதற்குப் பரிந்துரையும் விண்ணப்பமும் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்துக்குள் முடிந்துவிடும். அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கோடை முழுக்க இருக்கிறது. ஜனவரிக்கு விண்ணப்பக் கெடு செப்டம்பர், அக்டோபரில். சேர்க்கைக் கடிதம் நவம்பரில் கைக்கு வந்தால் குடியிருப்பு அனுமதிக்கு மிஞ்சுவது சில வாரங்களே. ஆகவே பாஸ்போர்ட்டைச் செப்டம்பரிலேயே எடுத்துப் பாருங்கள். அது காலாவதியாகும் தேதிக்கு மேல் ஸ்வீடன் அனுமதி தராது. உங்கள் பெயரில் உள்ள கணக்கில் பணமும் அந்த மாதமே வந்துவிட வேண்டும்.